கம்பெனி தள்ளாடும்போது வாரண்டி நிக்குமா? பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு ஒரு எபிசோட்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கி, திருத்திக் கொடுத்திருக்கிறோம்.)

போன வாரம் வேளச்சேரியில இருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம், முதல் கார். மூணு வருஷம் ஓடின ஒரு வண்டி பார்த்திருக்கார். விலை 4,80,000. அதே வயசு, அதே கிலோமீட்டர்ல வேற கம்பெனி வண்டி 6 லட்சத்துக்குப் போகுது. ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டா, அந்தக் கம்பெனி உலக அளவில நஷ்டத்துல ஓடுதுன்னு நியூஸ். ஆனா புரோக்கர் சொல்றார், "வாரண்டி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார், கவலையே படாதீங்க." தம்பியோட கேள்வி ஒரே வரி: "அண்ணா, கம்பெனியே இருக்குமான்னு தெரியாதப்போ, அந்த ரெண்டு வருஷ வாரண்டிக்கு என்ன மதிப்பு?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்னு நினைச்சு, நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பாவுக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தேன். ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு பகுதி. "வாரண்டி பாக்கி இருக்குப்பா, தைரியமா வாங்குங்க"ன்னு போன்ல சொன்னது நான்தான். எட்டு மாசத்துல கியர் மாத்துற யூனிட் போச்சு. வாரண்டி செல்லுமான்னு பார்த்தா, செல்லும். கம்பெனியும் மறுக்கல. ஆனா இடைப்பட்ட நேரத்துல திருநெல்வேலியில இருந்த சர்வீஸ் சென்டரை மூடிட்டாங்க. வண்டியை மதுரைக்கு டோ பண்ணிக் கொண்டுபோனோம். பார்ட்ஸ் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரத்துலதான் அக்காவுக்குப் பிரசவம். அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ தேடி நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

அன்னைக்குப் புரிஞ்ச விஷயம்தான் இந்த எபிசோட். வாரண்டி காகிதத்துல உயிரோட இருக்கறது வேற, நம்ம ஊர்ல வேலை செய்யறது வேற.

வாரண்டின்னா என்ன?

வாரண்டியை நாம ஏதோ காரோட ஒட்டி வர்ற பார்ட் மாதிரி பேசறோம். "வாரண்டி இருக்கு"ன்னா ஏதோ டிக்கில ஸ்டெப்னி இருக்குன்ற மாதிரி. உண்மையில அது ஒரு வாக்குறுதி. "இந்தத் தேதிக்குள்ள இது கெட்டா, என் செலவுல சரி பண்ணித் தர்றேன்"னு யாரோ ஒருத்தர் சொல்றார். அப்போ முதல் கேள்வி, எவ்வளவு நாள் பாக்கின்றது இல்லை. அந்த வாக்கைக் கொடுத்தது யாரு? அதுதான் முதல் கேள்வி.

பழைய கார்ல பொதுவா மூணு பேர்ல ஒருத்தர் கொடுத்திருப்பாங்க.

ஒண்ணு, தயாரிச்ச கம்பெனி. புது வண்டியோட வர்ற ஸ்டாண்டர்ட் வாரண்டி. வண்டி கை மாறினாலும் மீதி நாளுக்கு இது பெரும்பாலும் கூடவே வரும்.

ரெண்டு, எக்ஸ்டெண்டட் வாரண்டி. காசு கொடுத்து நீட்டினது. இதுல கவனமா இருக்கணும். கம்பெனி பேர்ல வித்தாலும், சில திட்டங்கள்ல பின்னாடி பணம் கொடுக்கறது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியா இருக்கும், சிலதுல கம்பெனியே, சிலதுல டீலர் மட்டும்.

மூணு, பழைய கார் விக்கிற கடை அல்லது ஆப் கொடுக்கற வாரண்டி. ஆறு மாசம், ஒரு வருஷம்னு இருக்கும். பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் அளவோட நின்னுடும். தயாரிப்பாளருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தயாரிப்பாளர் நாளைக்கே கடையை மூடினாலும் இந்த வாக்கு நிக்கும். ஆனா அந்த ஆப் கம்பெனி ஒரு ஸ்டார்ட்அப்னா, இப்போ நீங்க கவலைப்பட வேண்டியது அதோட நிதிநிலை.

நம்ம பாஷையில சொன்னா இது டிபென்டென்ஸி செக். உங்க கோட் எந்த லைப்ரரியை நம்பி ஓடுது, அதை யார் மெயின்டெயின் பண்றாங்கன்னு பார்க்காம புரொடக்‌ஷன்ல போடுவோமா?

"கம்பெனி போச்சு"ன்னா எந்த மாதிரி போச்சு?

நியூஸ்ல எல்லாமே ஒரே மாதிரி தெரியும். ஆனா இதுல மூணு நிலை இருக்கு. மூணுக்கும் வாரண்டி நடந்துக்கற விதம் வேற.

முதல் நிலை: நஷ்டம், ஆனா உயிரோட இருக்கு. நிசானை எடுத்துக்கோங்க. 2024 டிசம்பர்ல ஹோண்டாவோட இணையப் பேச்சு ஆரம்பிச்சு, 2025 பிப்ரவரியில முறிஞ்சது. 2025 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டுல 670.9 பில்லியன் யென் நஷ்டம். 20,000 பேரைக் குறைக்கறோம், 17 ஆலையை 10 ஆக்கறோம்னு மே மாசம் அறிவிச்சாங்க. இதே நேரத்துல நம்ம ஒரகடம் ஆலையில நிசானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோ வாங்கிக்கற ஒப்பந்தமும் வந்தது. இதைப் படிச்சா பயமாத்தான் இருக்கும். ஆனா நஷ்டம் வேற, திவால் வேற. நஷ்டத்துல இருக்கற கம்பெனியோட வாரண்டி சட்டப்படி முழுசா செல்லும். இந்த நிலையில உங்க ரிஸ்க் ரெண்டுதான்: மறுவிற்பனை விலை இறங்கலாம், டீலர்கள் லாபம் இல்லாம ஷோரூமை மூடலாம்.

ரெண்டாவது நிலை: கம்பெனி நல்லா இருக்கு, ஊரைவிட்டுப் போகுது. ஃபோர்டு. 2021 செப்டம்பர் 9-ம் தேதி இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு காரணம் சொன்னாங்க. 2022-ல மறைமலைநகர் ஆலையில உற்பத்தி நின்னுச்சு. செங்கல்பட்டு பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு தெரியும். ஆனா சர்வீஸ், பார்ட்ஸ், வாரண்டி தொடரும்னு அறிவிப்பிலேயே சொன்னாங்க. 2017-ல செவ்ரோலெட் விற்பனையை நிறுத்தினப்போ ஜெனரல் மோட்டார்ஸும் அதேதான் சொன்னது. ஏன் சொல்றாங்க? அமெரிக்காவுல இருக்கற தாய் கம்பெனிக்குப் பணமும் இருக்கு, உலகம் பூரா காப்பாத்த வேண்டிய பேரும் இருக்கு. இங்க வாரண்டி சாகாது, மெலியும். நூறு கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு இருந்த சர்வீஸ் சென்டர், முன்னூறுக்கு ஒண்ணுன்னு ஆகும். எங்க அப்பா வண்டிக் கதை இந்த வகைதான்.

மூணாவது நிலைதான் ஆபத்து: நிஜமான திவால். இதுக்குள்ளயும் ரெண்டு முடிவு உண்டு. கம்பெனியை யாராவது வாங்கி ஓட்டலாம். இல்ல, துண்டு துண்டா வித்துட்டுப் போயிடலாம்.

மூணு திவால், மூணு முடிவு

ஜெனரல் மோட்டார்ஸ், 2009. கம்பெனி திவாலாகும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதும், "வாரண்டி இல்லாத காரை யார் வாங்குவா?"ன்னு ஷோரூம்கள் காலியாச்சு. மார்ச் 30-ம் தேதி அதிபர் ஒபாமாவே வந்து, ஜிஎம், கிரைஸ்லர் ரெண்டோட வாரண்டிக்கும் அரசாங்கம் பின்னாடி நிக்கும்னு சொல்ல வேண்டி வந்தது. ஜூன் 1-ம் தேதி ஜிஎம் திவால் மனு போட்டது. நல்ல சொத்தெல்லாம் "புது ஜிஎம்"முக்குப் போச்சு. வாரண்டியும் கூடப் போச்சு. இதுல புது முதலாளியோட கணக்கு ரொம்ப எளிமை. பழைய கஸ்டமரைக் கைவிட்டா புதுக் கார் விக்காது. ஆனா வாரண்டி தவிர்த்த பல பழைய வழக்குகள், பொறுப்புகள் "பழைய ஜிஎம்" கிட்டயே விடப்பட்டன. அதை வெச்சு பல வருஷம் கோர்ட்ல சண்டை நடந்தது. பிராண்ட் தொடர்ந்தா வாரண்டி பிழைக்க வாய்ப்பு அதிகம். அதுவும் எந்த வரைக்கும்னு விற்பனை ஒப்பந்தம்தான் சொல்லும்.

சாப், ஸ்வீடன். ஜிஎம் கையில இருந்து 2010 பிப்ரவரியில ஸ்பைக்கர்ன்ற சின்ன டச்சுக் கம்பெனிக்குப் போச்சு. 2011 டிசம்பர் 19-ம் தேதி திவால். அமெரிக்காவுல ஒரே ஷோரூம்ல வாங்கின ரெண்டு சாப் காரை நினைச்சுப் பாருங்க. ஜிஎம் காலத்துல வித்த வண்டிக்கு வாரண்டியை ஜிஎம் ஏத்துக்கிச்சு. அதுக்கப்புறம் வித்த வண்டிக்கு ஏத்துக்க ஆள் இல்லை. லோகோ ஒண்ணு, வாக்குக் கொடுத்த ஆள் வேற. ஆனா ஒரு நல்ல விஷயமும் நடந்தது. சாப்போட பார்ட்ஸ் பிரிவு தனிக் கம்பெனி. அது ஸ்வீடன் அரசு கைக்குப் போய், ஓரியோன்ற பேர்ல தொடர்ந்தது. வாரண்டி செத்தாலும் பார்ட்ஸ் கிடைச்சதால வண்டிகள் ஓடின. பழைய கார் வாங்கறவருக்கு வாரண்டியைவிடப் பார்ட்ஸ் முக்கியம்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

ஃபிஸ்கர், அமெரிக்கா, 2024. இது நம்ம காலத்துக் கதை. ஓஷன்னு ஒரு எலெக்ட்ரிக் எஸ்யூவி. பணம் தீர்ந்துபோற நிலைமையில, 2024 மார்ச்ல திடீர்னு விலையைக் குறைச்சாங்க. 61,499 டாலர் வண்டி 37,499 டாலர். பலர் அள்ளினாங்க. ஜூன்ல திவால். வாரண்டிக்குப் பின்னாடி நிக்க யாருமே வரல. ரீகால் வேலைக்குக்கூட லேபர் செலவை ஓனரே கொடுக்கணும்னு ஒரு திட்டம் போட்டாங்க. அமெரிக்க அரசு எதிர்த்த பிறகுதான் அதை மாத்தினாங்க. மிச்சம் இருந்த சுமார் 3,000 வண்டியை நியூயார்க்ல ஒரு லீசிங் கம்பெனி மொத்தமா வாங்கிச்சு. வாங்கின பிறகுதான் தெரிஞ்சது, வண்டியோட டேட்டாவை ஃபிஸ்கர் சர்வர்ல இருந்து வேற சர்வருக்கு மாத்தறதே தொழில்நுட்பரீதியா பெரிய சிக்கல்னு.

சாஃப்ட்வேர்காரனா எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் அது. சாப் நின்னுபோனா மெக்கானிக் போதும். இன்னைக்கு இருக்கற கார் நின்னுபோனா சர்வர் வேணும், அப்டேட் வேணும், டயக்னாஸ்டிக் டூலுக்கு லாகின் வேணும். ஃபிஸ்கர் ஓனர்கள் கடைசியில ஒரு சங்கமா சேர்ந்து, பார்ட்ஸ் தேடறது, சாஃப்ட்வேரைப் பிரிச்சு மேயறதுன்னு தாங்களே இறங்கினாங்க. பாராட்டணும்தான். ஆனா தினமும் ஆபீஸ் போக வண்டி வாங்கறவன் எதுக்கு இதெல்லாம் பண்ணணும்?

நம்ம ஊர்ல சட்டம் என்ன சொல்லுது?

கம்பெனி உயிரோட இருந்து வாரண்டியை மறுத்தா, வழி தெளிவா இருக்கு. முதல்ல 1915-க்குப் போன் பண்ணலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, பிரச்சினை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் போடணும். பொருளுக்கு நீங்க கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது. வக்கீல் வெச்சே ஆகணும்னு கட்டாயமும் இல்லை.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குள்ள போயிட்டா கதை மாறும். 2016 திவால் சட்டத்துல மாரடோரியம்னு ஒண்ணு இருக்கு. அது அமல்ல இருக்கும்போது அந்தக் கம்பெனி மேல புது வழக்கும் போட முடியாது, பழைய வழக்கும் நகராது. உங்க வாரண்டி அப்போ ஒரு "கடன்" ஆயிடும். கலைப்பு வரைக்கும் போச்சுன்னா, பணம் கொடுக்கற வரிசையில முதல்ல நடவடிக்கைச் செலவு. அப்புறம் தொழிலாளர் பாக்கி, அடமானம் வெச்சுக் கடன் கொடுத்த வங்கிகள். அதுக்கு அப்புறம் மத்த ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத நிதிக் கடன், அரசு பாக்கி. இதெல்லாம் முடிஞ்ச பிறகு "மற்ற கடன்கள்". வாரண்டி கேட்டு நிக்கற நீங்க அங்கதான் இருப்பீங்க. பந்தியில கடைசி இலை. சாம்பாரே வருமான்னு தெரியாது.

யாராவது கம்பெனியை எடுத்து நடத்த வந்தாலும் ஒரு கண்ணி இருக்கு. தீர்வுத் திட்டத்துல சேராத பழைய கோரிக்கைகள் அதோட முடிஞ்சதுன்னு 2021-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. அதனால பேப்பர்ல அறிவிப்பு வந்ததும், குறிச்ச தேதிக்குள்ள கிளைம் போட்டுடணும்.

ரெண்டு ஆறுதல். ஒண்ணு, மாரடோரியம் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான். டீலர் தனிக் கம்பெனி. டீலரே எழுத்துல ஒரு வாரண்டி கொடுத்திருந்தா, தயாரிப்பாளர் திவால்னு சொல்லி அவர் நழுவ முடியாது. ரெண்டு, ரீகால் வாரண்டி கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாப்புக் குறைபாட்டுக்கு வண்டியைத் திரும்ப வாங்கவோ, மாத்தவோ, சரி பண்ணவோ கட்டாயப்படுத்த வழி இருக்கு. வாரண்டி முடிஞ்ச வண்டிக்கும் ரீகால் செல்லும்.

ரெண்டாவது ஓனருக்குன்னு தனி சின்ன எழுத்து

கம்பெனி நல்லா இருந்தாலே பழைய கார் வாங்கறவர் சறுக்கற இடங்கள் சில உண்டு.

எக்ஸ்டெண்டட் வாரண்டி தானா உங்க பேருக்கு மாறாது. ஆர்சி மாறின பிறகு குறிச்ச நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும், சில இடத்துல கட்டணம், சில இடத்துல வண்டியைக் காட்டணும். விட்டா போச்சு.

இவி வண்டியில "வாழ்நாள் பேட்டரி வாரண்டி"ன்னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. யாரோட வாழ்நாள்? பொதுவா முதல் ஓனரோடது. மஹிந்திராவோட பிஇ 6-ல முதல் தனிநபர் ஓனருக்கு வாழ்நாள். கை மாறினா 10 வருஷம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். அதுவும் நல்ல கவரேஜ்தான், ஆனா வாழ்நாள் இல்லை.

அப்புறம் சர்வீஸ் ஹிஸ்டரி. நேரத்துக்கு, கம்பெனி சொன்ன இடத்துல சர்வீஸ் பண்ணலைன்னா வாரண்டியை மறுக்கலாம்னு பல ஒப்பந்தத்துல இருக்கும். ஊர்ல சென்டரை மூடினதால முந்தைய ஓனர் வெளிய சர்வீஸ் விட்டிருந்தா, அந்த ஓட்டை இப்போ உங்க தலையில.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

புரோக்கர் வாயை நம்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில இதை முடிச்சுடலாம்.

1. சேஸிஸ் நம்பரை வாங்கி, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கொடுத்து, வாரண்டி எந்தத் தேதி வரை, எக்ஸ்டெண்டட் இருக்கா, ரீகால் பாக்கி இருக்கான்னு கேளுங்க. வாயால சொல்றதை மெயில்ல வாங்குங்க.

2. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தா முழு புத்தகத்தையும் வாங்கிப் படிங்க. பணம் கொடுக்கறது யாருன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பேர் இருந்தா, பாலிசி நிஜமா இருக்கான்னு அவங்ககிட்டயே கேளுங்க.

3. உங்க வீட்டுல இருந்து மட்டும் பார்க்காதீங்க, உங்க சொந்த ஊர்ல இருந்தும் பாருங்க. பக்கத்துல உயிரோட இருக்கற ரெண்டு சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்? கூகுள் மேப்பை நம்பாம போன் பண்ணுங்க. மூடின சென்டர் மேப்ல ரொம்ப நாள் வாழும்.

4. பார்ட்ஸ் கவுன்டர்ல மூணு பொருள் கேளுங்க: முன் பம்பர், கிளட்ச் செட், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட். விலை என்ன, வர எத்தனை நாள்? மூணாவதுக்கு வர்ற பதில்தான் முக்கியம். பம்பர் புதுப்பேட்டையில கிடைக்கும், கன்ட்ரோல் யூனிட்டுக்கு யார்கிட்ட போவீங்க?

5. உங்க நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிட்ட, "இந்த வண்டிக்கு ஸ்கேனர் வெச்சிருக்கீங்களா, கோட் படிக்க முடியுமா?"ன்னு கேளுங்க. முடியும்னா பாதி பயம் போச்சு.

6. இவின்னா, நெட் இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகுமா, சார்ஜ் ஏறுமான்னு அங்கேயே சோதிச்சுப் பாருங்க.

சரி, தம்பிக்குப் பதில்

தம்பி, வாரண்டி மதிப்பு பூஜ்யம்னு வெச்சுக் கணக்குப் போடுங்க. கிடைச்சா லாபம். இப்போ உங்களுக்கு 1,20,000 மிச்சம். அதை மிச்சம்னு நினைக்காதீங்க. அது நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கற வாரண்டி. தனி அக்கவுன்ட்ல போடுங்க. ஒரு பெரிய ரிப்பேருக்கு 80,000 ஆகும்னு வெச்சுக்கிட்டாலும், ஒண்ணைத் தாங்கும், ரெண்டைத் தாங்காது. அந்தப் பணத்தைத் தொடாம வைக்க முடியும், பார்ட்ஸ் கவுன்டர்ல நல்ல பதில் வந்தது, வண்டியை அஞ்சு வருஷமாவது வெச்சிருப்பீங்கன்னா தாராளமா வாங்குங்க. ரெண்டு வருஷத்துல வித்துட்டுப் பெரிய வண்டி வாங்கற ஐடியான்னா வேண்டாம். இன்னைக்கு உங்களுக்குக் கிடைச்ச அதே தள்ளுபடியை அன்னைக்கு நீங்க இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்.

கம்பெனி முழு திவால், எடுத்து நடத்த ஆள் இல்லை, வண்டி பூரா சாஃப்ட்வேர்னா, எவ்வளவு கம்மிக்கு வந்தாலும் நான் தொடமாட்டேன்.

எங்க அப்பா வண்டி இப்பவும் ஓடுது. மதுரை சென்டர்ல வேலை பார்த்த ஒரு அண்ணன், அந்த சென்டரும் மூடின பிறகு, பாளையங்கோட்டையில சொந்தமா ஷெட் போட்டுட்டார். வண்டியை ஒரு தடவை சுத்தி வந்தாலே நோய் சொல்லிடுவார். வாரண்டி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. அப்பாகிட்ட கேட்டா, "அந்தக் காகிதத்தைவிட இவன் போன் நம்பர்தான்டா வாரண்டி"ன்றார். நான் ஒண்ணும் சொல்றதில்லை. அக்கா பொண்ணுக்கு இப்போ மூணு வயசு, பின் சீட்டுல நின்னுக்கிட்டுத்தான் வருவா. அதைத்தான் அடுத்து நிறுத்தணும்.

அடுத்த எபிசோட் அதேதான்: குழந்தைகளுக்கான கார் சீட். கேள்விகளை அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.